மடியில் இருந்த தயிர்ச்சட்டி

மாரி காலத்தில் திருகோணமலையில் இருந்து போகும் கந்தளாய் ரோட்டின் நடுவில் மாடுகள் ஏன் படுத்துக் கிடக்கின்றன என்று வெளியூரில் இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். வயலெல்லாம் ஈரம், வரம்பெல்லாம் சேறு. தார் மட்டும்தான் பகல் வெயிலின் சூட்டைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருக்கும். அந்தச் சூட்டுக்கு வந்து படுக்கும். கறுத்த எருமையாக இருந்தால் லைட் வெளிச்சம் அதன் மேல் விழும் வரைக்கும் ரோடுதான் தெரியும், எருமை தெரியாது. 2023 ஜனவரியில் ஒரு பின்னேரம், பாலம்போட்டாறுக்குக் கிட்ட எனக்கு அப்படி ஒன்று கண்ணில் பட்டபோது இடையில் இருபது மீற்றர்கூட இல்லை.

நான் தம்பலகாமத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீடு உப்புவெளியில். எட்டு வருடமாக அதே ரோட்டில் கார் ஓடுகிறேன். அன்று லீவு நாள். அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆதிகோணேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, வரும் வழியில் அம்மா ஆசைப்பட்டதால் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினோம். அம்மா முன் சீற்றில். மகளுக்கு அப்போது ஏழு வயது. போகும்போது அவள் வழமைபோல அம்மம்மாவின் மடியில்தான் இருந்தாள். திரும்பி வரும்போது தயிர்ச்சட்டி மடிக்கு வந்துவிட்டது. "டிக்கிக்குள்ள வச்சா சரிஞ்சு கொட்டுண்டிடும் பிள்ளை, நான் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்று அம்மா சொன்னா. மகள் கொஞ்சம் சிணுங்கினாள். பிறகு பின் சீற்றில் ஏறினாள். பள்ளிக்கூட வானில் பழகிய பழக்கத்தில் பெல்ற்றைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துச் செய்த காரியமும் இல்லை.

எருமையைக் கண்டதும் மூன்று காரியத்தையும் ஒரே நேரத்தில் செய்தேன். பிரேக்கை மிதித்தேன், வலது கையால் ஹோனை அமத்தினேன், இடது கையால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்தேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் ரோட்டை விட்டிறங்கி, வாய்க்கால் மதகின் சீமெந்துக் கட்டில் நேராகப் போய் மோதியது. ஐம்பதில் வந்தேன். பிரேக் பிடித்த பிறகு மோதும்போது முப்பத்தைந்து, நாற்பது இருந்திருக்கும்.

எயார் பாக், அதுதான் மோதும்போது விரியும் காற்றுப் பை, வெளிவருவதை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று யாரும் சொன்னால் நம்பமாட்டேன். மோதிய கணத்துக்கு அடுத்து எனக்கு நினைவில் இருப்பது, மடியில் தொய்ந்து கிடந்த வெள்ளைத் துணியும் காருக்குள் நிறைந்திருந்த புகையும்தான். தீபாவளிக்கு மறுநாள் விடிய முற்றத்தில் வருமே, சீனவெடிக் கடதாசி மணம், அந்த மணம். காதுக்குள் ஒரு நீண்ட கூவல். கார் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அது தீ இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பையை மடித்து வைக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவும் மாவும், அதை விரிக்க எரிந்த இரசாயனத்தின் வாயுவும்தான் அப்படிப் புகைபோல நிற்கும். தோலிலும் கண்ணிலும் எரியும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டும். கண்ணாடியை இறக்கவோ கதவைத் திறக்கவோ முடிந்தால் உடனே செய்ய வேண்டும். எஞ்சினை நிற்பாட்ட வேண்டும். எனக்கு இரண்டுமே தோன்றவில்லை. அருகில் தேத்தண்ணிக் கடையில் இருந்து ஓடி வந்த ஒரு தம்பி கையை உள்ளே விட்டுத் திறப்பைத் திருப்பி நிற்பாட்டினான். "அக்கா, நெருப்பில்ல, பயப்படாதீங்க, மெல்ல இறங்குங்க" என்றான். இன்னொருவர் 1990 என்ற அவசர இலக்கத்துக்குப் போன் எடுத்தார். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது.

மகளுக்குத் தோளில் ஒரு சிவந்த கோடு, வேறு ஒன்றும் இல்லை. எனக்கு வலது முன்னங்கையில் எலும்பு உடைவு, கன்னத்தில் உரசல். அம்மாவுக்குத்தான் பெரிய அடி. இரண்டு விலா எலும்பில் வெடிப்பு. இரண்டு முன்னங்கையிலும் நாடிக்குக் கீழேயும் வெட்டுக்காயம், பதினொரு தையல். அம்புலன்ஸில் அம்மாவின் வெள்ளைச் சேலை முழுக்கத் தயிரும் இரத்தமுமாகக் கலந்து கிடந்த நிறம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அம்மா பெல்ற் போட்டிருந்தா. 2011 இல் முன் சீற்றுக்குப் பெல்ற் கட்டாயமானதில் இருந்து அவ ஒருநாளும் போடாமல் இருந்ததில்லை. அவவை வெட்டியது கண்ணாடியும் இல்லை, காரின் எந்தப் பாகமும் இல்லை. மடியில் இருந்த சட்டி.

ஆஸ்பத்திரியில் காயத்தில் இருந்து ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு உலோகத் தட்டில் போட்டார்கள். சிவப்பு மண்ணோடு, நகத்தளவு, சிலது அரிசியளவு. அந்தச் சத்தம் கேட்க நான் வெளியே வாங்கில் இருந்தேன். மகள் என் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு இருந்தாள். போகும்போது அந்த மடியில் யார் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எயார் பாக் சட்டியை அடித்த அடி எப்படிப்பட்டது என்பதை அந்தத் தட்டு சொல்லிக்கொண்டிருந்தது. அதே இடத்தில், அதே உயரத்தில், ஏழு வயதுப் பிள்ளையின் தலை இருந்திருக்கும்.

கை பிளாஸ்ரர் கட்டுக்குள் இருந்த ஆறு கிழமையும் நான் இதைப் பற்றித்தான் வாசித்தேன். எட்டு வருடம் எனக்கு முன்னால் ஒரு வெடி மருந்துக் குப்பி இருந்திருக்கிறது, அது எப்படி வேலை செய்யும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. காற்றடித்த தலையணை ஒன்று மெல்ல வந்து தாங்கும் என்றுதான் மனதில் ஒரு படம் இருந்தது. அந்தப் படம் பிழை. மோதலை உணர்கருவி உணர்ந்ததும் உள்ளே இருக்கும் இரசாயனம் பற்ற வைக்கப்படுகிறது. வரும் வாயு பையை ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு அளவு நேரத்துக்குள் நிரப்பிவிடும். கண் ஒருமுறை இமைத்து முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் பையின் முகப்பு வரும் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர் வரை இருக்கும். விரிந்து முடிந்த பையில் நாம் போய் விழுந்தால் அது காப்பாற்றும், பின்பக்கத் துளைகளால் வாயு வெளியேற அது நம்மோடு சேர்ந்து அமிழும். விரிந்துகொண்டிருக்கும் பையில் நாம் போய் முட்டினால் அது அடிக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது சில அங்குலங்கள்தான்.

அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1987 முதல் 2017 வரை முன்பக்க எயார் பாக்குகள் அங்கே 50,000 க்கு மேற்பட்ட உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. 1990 முதல் 2008 வரை, மெதுவான மோதல்களில் அதே எயார் பாக் அடித்து 290 க்கு மேற்பட்டோர் இறந்தும் இருக்கிறார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெல்ற் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள், பலர் சின்னப் பிள்ளைகள். 1998 க்குப் பிறகு வந்த வாகனங்களில் பையின் பலத்தைக் குறைத்ததால் அந்த எண்ணிக்கை நன்றாக விழுந்துவிட்டது. இந்தக் கணக்கைப் பார்த்து எயார் பாக்கைக் கழற்றிவிடலாம் என்று நினைப்பது மடமை. அதற்கு முன்னால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கப் பழக வேண்டும், அதைத்தான் நான் செய்யாமல் விட்டிருந்தேன்.

நான் உயரம் குறைந்தவள், ஐந்து அடிகூட இல்லை. பொனற்றுக்கு மேலால் ரோடு தெரிய வேண்டும், கிளச்சும் பிரேக்கும் எட்ட வேண்டும் என்று சீற்றை முடிந்தவரை முன்னுக்கு இழுத்து, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்ததுபோல ஓடுவேன். எங்களூரில் கார் ஓடும் பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான் ஓடுகிறோம், லேர்னர்ஸ் பழக்கும்போதே யாரும் திருத்துவதில்லை. ஸ்டியரிங்கின் நடுவில் இருந்து நெஞ்செலும்பு வரை குறைந்தது 25 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். பை விரியும் முதல் ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றருக்குள்தான் அதன் அடி மிகக் கொடியது. அந்த வலயத்துக்கு வெளியே, பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னுக்குச் சரிவதற்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் 25 என்று வைத்திருக்கிறார்கள். பாடசாலையில் இருந்து 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டு முற்றத்தில் நின்ற என் கணவருடைய காரில் வழமைபோல ஏறி இருந்து அளந்தேன். பதினாறு. என் காரில் அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

அந்த இடைவெளியை எடுப்பது கஷ்டமில்லை, இரண்டு மூன்று நாள் பழக்கம்தான். சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, கால் எட்டும் கடைசி இடத்தில் நிறுத்த வேண்டும். சாய்மானத்தை இன்னும் கொஞ்சம் சரித்தால் கால் அங்கேயே நிற்க நெஞ்சு மட்டும் பின்னுக்குப் போகும். ரோடு தெரியாவிட்டால் சீற்றை உயர்த்தலாம். உயர்த்த வழியில்லாத காரில் வழுக்காத கட்டியான மெத்தை ஒன்று போடலாம். ஸ்டியரிங்கைக் கீழே சரித்து, அதன் நடு முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். முகத்தில் படும் அடிக்கும் நெஞ்சில் படும் அடிக்கும் உள்ள வித்தியாசம் என் கன்னத்துக்குத் தெரியும். அடிமட்டம் இப்போதும் கதவுப் பைக்குள் இருக்கிறது. காரைக் கணவரோ தம்பியோ எடுத்துவிட்டுத் தந்தால் ஏறியதும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத்தான் திறப்பைப் போடுவேன்.

என் கை உடைந்த விதம் வேறு. ஸ்டியரிங்கின் நடுவில் ஹோன் இருக்கும் அந்த மூடிதான் எயார் பாக்கின் மூடி. நான் முன்னங்கையை அதற்குக் குறுக்கே வைத்து ஹோனை அமத்திக்கொண்டிருந்தபோது பை அதைப் பிளந்துகொண்டு வந்தது. எலும்பு உடைந்ததோடு என் கையே என் கன்னத்தில் வந்து அடித்தது. எங்களூரில் ஹோன் அடிக்காமல் ஓட முடியாது, அது தெரியும். ஆனால் முழங்கையை மடக்கி முன்னங்கையைக் குறுக்கே போட்டு அமத்துவதும், ஒரு கையை ஸ்டியரிங்கின் உச்சியில் போட்டுக்கொண்டு சாவகாசமாக ஓடுவதும் கையைத் துப்பாக்கி வாயில் வைப்பதுபோல. மணிக்கூட்டு முகம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பதிலும் மூன்றிலும் கை இருக்க வேண்டும். பத்தும் இரண்டும் என்று எனக்குப் பழக்கிய மாஸ்ரர் சொன்னது எயார் பாக் இல்லாத காலத்துப் பாடம். பெருவிரலை விளிம்பில் வைத்து, ஹோனை அந்த விரலால் எட்டித் தட்டப் பழகிவிட்டேன். தட்டினாலே கேட்கும்.

பிள்ளைகள் விசயத்தில் எனக்கு இப்போது விட்டுக்கொடுப்பே கிடையாது. பன்னிரண்டு வயது வரை பின் சீற், பெல்ற்றோடு. மடியில் வைத்திருந்தால் பாதுகாப்பு என்று எங்கள் அம்மாமார் நினைப்பது அன்பினால்தான், அதனால்தான் அவர்களோடு வாதாடுவது கஷ்டம். வாதாடத்தான் வேண்டும். மோதும் கணத்தில் பிள்ளையின் பாரம் எந்தக் கையாலும் பிடிக்க முடியாத அளவுக்குப் போய்விடும். முன் சீற்றில் என்றால் பை வேறு வருகிறது.

போன வருடம் மச்சாள் கனடாவில் இருந்து ஒன்பது மாதக் குழந்தையோடு வந்தா. அங்கே பாவிக்கும் குழந்தைச் சீற்றையும் கொண்டுவந்திருந்தா. நல்ல சீற், பின்னுக்குப் பார்த்தபடி குழந்தை படுத்திருக்கும். நிலாவெளிக்குப் போக வாடகைக்கு எடுத்த காரில், குழந்தையின் முகம் தனக்குத் தெரிய வேண்டும் என்று அதை முன் சீற்றில் கட்டிவிட்டார் அத்தான். கார் வெளிக்கிடும் நேரம் நான் கண்டேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்து, முன் சீற்றுக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பை இறக்கிக் காட்டினேன். யப்பானில் இருந்து வந்த கார், எழுத்தெல்லாம் யப்பான் மொழி. ஆனால் படம் எல்லோருக்கும் விளங்கும்: பின்னுக்குப் பார்த்த குழந்தைச் சீற், அதன் மேல் ஒரு பெரிய சிவப்புக் குறுக்குக் கோடு. அந்தச் சீற்றில் குழந்தையின் தலைப்பக்கம் டாஷ்போர்ட்டுக்கு ஒட்டினாற்போல இருக்கும். பை விரிந்தால் முதல் அடி நேராக அந்தத் தலைக்குப் பின்னால்தான். "அங்க நாங்க பின்னுக்குத்தான் போடுறது, இஞ்ச எயார் பாக் இருக்குமெண்டு யோசிக்கேல்ல" என்றார் அத்தான். சீற்றைக் கழற்றிப் பின்னுக்குக் கட்ட ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

பிள்ளைத்தாச்சிகள் பெல்ற் போடலாமா என்று என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருத்தி கேட்டாள். போடத்தான் வேண்டும், கீழ்ப்பட்டி வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில், மேல்பட்டி மார்புக்கு நடுவால். சீற்றை இன்னும் பின்னுக்குத் தள்ளலாம், முடிந்தால் வேறு ஒருவர் ஓடட்டும்.

டாஷ்போர்ட்டின் மேல் பிள்ளையார் வைக்காத கார் எங்கள் பக்கத்தில் குறைவு. என் காரிலும் இருந்தார், இருபக்கம் ஒட்டும் ரேப்பில், அம்மா இருந்த பக்கம், எயார் பாக் என்று எழுத்துப் பதித்த இடத்துக்கு நேர் மேலே. விபத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளையாரைப் பின் கண்ணாடித் தட்டில் கண்டெடுத்தார்கள், மகள் இருந்த சீற்றுக்குப் பின்னால். அவளுடைய தலையைத் தாண்டித்தான் அது அங்கே போயிருக்க வேண்டும். கடவுளை எங்கே வைப்பது என்று யாருக்கும் நான் சொல்லப்போவதில்லை, ஆனால் பை வெளிவரும் மூடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. என் புதுக் காரில் நடுவில், கியருக்கு முன்னால் இருக்கும் சின்னக் குழிக்குள் ஒரு படம் மட்டும் இருக்கிறது. அதேபோல, சீற்றின் பக்கவாட்டில் எயார் பாக் இருக்கும் கார்களுக்கு இறுக்கமாகத் தைத்த சீற் கவர் போட்டால் பை வெளிவர வழி இல்லை. சீற்றின் ஓரத்தில் சின்ன அடையாளத் துணி தைத்திருக்கிறதா என்று கவர் தைக்கக் கொடுக்கும் முன் பாருங்கள். டாஷ்போர்ட்டில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளை நிலாவெளி ரோட்டில் கிழமைதோறும் காண்கிறேன். கண்டால் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிடுவேன், கோபித்தாலும் பரவாயில்லை.

காரைத் திருத்தும் கதைதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தருவது. அது வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலம். 2020 இல் நிறுத்தியது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். பழைய கார் பொன்விலை, சாமான் கிடைப்பதும் அரிது. முதலில் காரைக் கொண்டுபோன இடத்தில், டாஷ்போர்ட்டை ஃபைபர் வைத்து ஒட்டி, ஸ்டியரிங்குக்கு ஒரு மூடி போட்டு, எச்சரிக்கை லைட்டையும் எரியாமல் செய்து தருகிறோம் என்றார்கள். "எயார் பாக் எங்கே?" என்று கேட்டேன். "அது என்னத்துக்கு ரீச்சர், இனி ஒருக்கா அடிபடவா போறீங்க?" என்று பதில் வந்தது. காரை அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

பிறகு கிண்ணியாவில் ஒரு நானாவின் (முஸ்லிம் அண்ணன் ஒருவரின்) கராஜுக்குக் கொண்டுபோனோம். நிதானமான மனிதர், பேச்சுக் குறைவு. நான் நடந்ததைச் சொன்னதும் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னச் சாமானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உளுந்து மணியளவு உடம்பு, இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி, குறுக்கே நிறக் கோடுகள். ஒரு றெசிஸ்ரர், அதாவது மின்தடைத் துண்டு. "வேற ஒரு கார்ல இருந்து நான் கழட்டினது ரீச்சர். ஸ்டியரிங்க திறந்தா உள்ள எயார் பாக் இல்ல, பழைய துணி அடைச்சிருந்திச்சு. வயர்ல இத வச்சு ஒட்டியிருந்தானுகள். கார்ட கம்பியூட்டர் எயார் பாக் இருக்கெண்டுதான் நினைக்கும். லைட்டும் எரியாது" என்றார். எயார் பாக்கின் பற்றவைப்பானுக்கு இருக்கும் மின்தடை இரண்டு ஓம் அளவுதான். அதே தடையைச் சும்மா கொடுத்தால் கருவி ஏமாந்துவிடுகிறது. கடைக்குப் போனால் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு துண்டு. அந்தக் காரை வாங்கியவர் ஒரு குடும்பக்காரர், மூன்று பிள்ளை என்றார் நானா. அவருக்குத் தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

அங்கே நின்ற இரண்டு நாளில் நான் கற்றதை, பழைய கார் வாங்கப்போகும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். திறப்பை எஞ்சின் ஸ்ராற் ஆகாமல் ON நிலை வரை திருப்பினால், பெல்ற் கட்டிய ஆளும் முன்னால் வட்டமும் உள்ள சிவப்புப் படம் எரிய வேண்டும். பல கார்களில் ஆறு செக்கன் அளவில் அது தானாக அணையும். எரியவே இல்லையென்றால் லைட்டையே கழற்றியிருக்கலாம். அணையாமல் நின்றால் உள்ளே கோளாறு, மோதும்போது பை விரியாமல் போகலாம். ஒழுங்காக எரிந்து அணைந்தால் நல்ல அறிகுறி, ஆனால் அந்த உளுந்து மணி உள்ளே இருந்தாலும் அது ஒழுங்காகத்தான் எரிந்து அணையும். அதனால் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் நடு மூடியின் நிறமும் தடிப்பும் சுற்றியுள்ள பிளாஸ்ரிக்கோடு ஒத்துப்போகிறதா, டாஷ்போர்ட்டில் பயணிப் பக்கம் ஒட்டுப்போட்ட அலை தெரிகிறதா, முன் சீற் பெல்ற்றை முழுக்க இழுத்தால் தடங்கலில்லாமல் வந்து தானாகத் திரும்பிப் போகிறதா என்று பாருங்கள். கடும் மோதலில் எயார் பாக்கோடு சேர்ந்து பெல்ற்றை இறுக்கும் கருவியும் வெடித்திருக்கும், அதையும் மாற்ற வேண்டும். வெடித்த பையை மடித்துத் திரும்ப வைக்கவே முடியாது. பணம் கொடுக்கும் முன் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு ஸ்கேனர் போட்டு, ஸ்டியரிங் மூடியையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன் அவர் பற்றறியின் நெகற்றிவ் வயரை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். டொயோட்டா 90 செக்கன் பொறுக்கச் சொல்கிறது, ஹொண்டா மூன்று நிமிடம். பற்றறி போன பிறகும் பையை வெடிக்க வைக்கும் மின்சாரம் உள்ளே கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். நானா அந்த நேரத்தில் சிகரெட்டும் பத்தவில்லை, போனும் எடுக்கவில்லை, சும்மா நின்றார். மஞ்சள் நிறப் பிளக் உள்ள வயர் எல்லாம் எயார் பாக் வயர், அதில் லைட்டோ ஹோனோ றேடியோவோ இழுக்க யாரையும் விடாதீர்கள் என்றும் சொன்னார்.

கடைசியில் அந்தக் காரைத் திருத்தவில்லை. இரண்டு பை, இரண்டு பெல்ற், கட்டுப்பாட்டுப் பெட்டி, டாஷ்போர்ட் என்று எல்லாம் கூட்டினால் காரின் விலையில் பெரும்பகுதி போய்விடும். இருந்தபடியே, விபத்துப்பட்ட கார் என்று எழுதிக்கொடுத்து விற்றோம்.

அடுத்த காரைத் தேடும்போது பார்த்த இன்னொரு விசயம் தகாட்டா எயார் பாக். யப்பானின் தகாட்டா நிறுவனம் பல கொம்பனிகளின் கார்களுக்கு எயார் பாக் செய்து கொடுத்தது. அதன் ஊதி ஒன்றில், அதாவது பையை நிரப்பும் வாயுவை உண்டாக்கும் குப்பியில், அமோனியம் நைற்றேற் இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் உள்ளே போய் வர அந்த மருந்து கெட்டு, விரியும்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டையே துண்டுகளாக முகத்தில் எறிந்துவிடும். அமெரிக்காவிலும் மலேசியாவிலும் அதனால் ஆட்கள் இறந்தார்கள். உலகம் முழுக்க சுமார் 100 மில்லியன் ஊதிகள் திருப்பி அழைக்கப்பட்டன, தகாட்டா 2017 இல் வங்குரோத்தானது. வெக்கையான, புழுக்கமான கரையோரப் பகுதிகளில்தான் ஆபத்து கூட என்பதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் கண்முன் வந்தது. சித்திரை வெயிலில் உட்துறைமுக வீதியில் மத்தியானம் நிறுத்திய காரின் கைபிடியைத் தொட முடியாது, கடல் காற்றில் கதவு ஆணியெல்லாம் துரு. 2000 க்கும் 2015 க்கும் இடையில் செய்த யப்பான் கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். யப்பான் சந்தைக்குச் செய்த காருக்கு மற்ற நாடுகளில்போல பதினேழு எழுத்து எண் இருக்காது, கோடு போட்ட குறுகிய செசி நம்பர்தான். அதை அந்தக் கார்க் கொம்பனியின் யப்பான் இணையப் பக்கத்தில் போட்டால் திருப்பி அழைப்பு இருக்கிறதா என்று காட்டும். உள்ளூர் முகவரிடமும் கேட்கலாம். நாங்கள் இப்போது வைத்திருக்கும் காரை வாங்க முன் அப்படிப் பார்த்தோம், திருப்பி அழைப்பு ஒன்றும் இல்லை.

பை விரியாத விபத்துகளும் இருக்கின்றன. பின்னால் வந்து இடித்தால் முன் எயார் பாக் விரியாது, மெதுவாகத் தட்டினாலும் விரியாது, மாடுபோல மெத்தென்றதில் மோதினாலும் சிலவேளை விரியாது. அப்போதெல்லாம் பிடிப்பது பெல்ற் ஒன்றுதான். பை விரிந்தாலும் உடம்பைச் சரியான இடத்தில் வைத்துக் கொடுப்பது அதே பெல்ற்தான். என்னைப் பார்த்த டொக்டர் என் தோளில் இருந்து குறுக்காக ஓடிய கண்டல் கோட்டை விரலால் தடவிக் காட்டி, "இது இல்லாட்டி உங்களோட கதைச்சுக்கொண்டிருக்க மாட்டன்" என்றார்.

அம்மாவின் கையில் தழும்பு இருக்கிறது, குளிர் நாட்களில் விலா நோகிறது என்கிறா. முன் சீற்றில் இருக்க இப்போது பயம். பேத்தியோடு பின் சீற்றில் ஏறி, தன் பெல்ற்றைப் போட்ட பிறகு அவளுடையதையும் இழுத்துப் பார்க்கிறா. போன கிழமை தம்பலகாமம் போய் வரும்போது தயிர் வாங்கினோம். டிக்கியில் ஸ்பெயார் வீலின் நடுக் குழிக்குள் சாக்கை மடித்துச் சும்மாடுபோல வைத்து, அதில் சட்டியை இறக்கி, சுற்றிவரத் தேங்காய்களை அடுக்கினேன். பாலம்போட்டாறு மதகடியில் வேகத்தைக் குறைத்தபோது அம்மா பின்னால் இருந்து, "சட்டி நிக்குதோ பிள்ளை?" என்று கேட்டா. உப்புவெளி வரை சட்டி அசையவில்லை.